பயிலும் இடமும் ஆராயும் இடமும்

ராயப்பேட்டை மணிக்கூண்டின் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி, இன்று பாரதி சாலை என்றும் முதியோர் நாவில் இன்னமும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றும் வழங்கும் சாலையில் நடந்து செல்பவர், நடைபாதையில் அடுக்கிவைத்திருக்கும் பழைய பௌதிக, ரசாயனப் பாடநூல்களையும் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள் தொகுப்புகளையும் கடந்து, அரைமணி நேரத்துக்குள் மாநிலக் கல்லூரியின் மதிலோரத்தை அடைந்துவிடலாம். ராயப்பேட்டையிலேயே, பீட்டர்ஸ் சாலையில், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1951-ல் நிறுவிய புதுக்கல்லூரி இருக்கிறது. தெற்கே மயிலாப்பூரில் 1946-ல் தோன்றிய விவேகானந்தா கல்லூரியும், கடற்கரையில் 1914-ல் தோன்றிய ராணி மேரிக் கல்லூரியும், கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸும், சற்று வடமேற்கே லயோலாவும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அளவில் அமைந்திருக்கின்றன. ஒரு நகரத்தின் மையத்தில், இரண்டு மூன்று மைல் சுற்றளவுக்குள், விஞ்ஞானம் கற்பிக்கும் கல்லூரிகள் இவ்வளவு நெருங்கி நிற்பது பாரத தேசத்தில் அபூர்வமே. ஆயினும் இக்கல்லூரிகளில் ஒன்றிலே சேர்ந்து, மூன்றாண்டு பௌதிகமோ ரசாயனமோ பயின்று, பட்டமும் பெற்று வெளியேறும் ஒரு மாணவன், ஒருவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை ஒருவர் அமர்ந்து ஆராய்ந்துகொண்டிருக்கும் அறையைத் தன் கண்ணால் ஒருமுறையேனும் காணாமலே போய்விடக் கூடும் என்பதும் உண்மை. அத்தகைய அறைகள் பெரும்பாலும் கிண்டியிலும் தரமணியிலும் அடையாற்றுக்கு அப்பாலும் இருக்கின்றன. மாணவர்களோ இங்கே இருக்கிறார்கள்.

விஞ்ஞானம் பயில்கிறவன் விஞ்ஞானம் பிறக்கிற இடத்தின் அருகே வாழ வேண்டுமா, அல்லது முதலில் பாடத்தைக் கற்றுத் தேறிவிட்டுப் பின்னர் தகுதியுடையவன் மட்டும் ஆராய்ச்சிக்குச் சென்றால் போதுமா என்பதே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட வினா. இதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகச் சென்னை பல விதமாக விடை சொல்லி வந்திருக்கிறது. என்னுடைய அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: இந்நகரம் விஞ்ஞானத்தில் பெற்ற பெருமை அனைத்தும் இவ்விரண்டு இடங்களும் ஏதோ ஒரு வகையில் ஒன்றுகூடிய வேளைகளில் விளைந்தது, இரண்டும் பிரிந்து நின்ற காலங்களில் எத்தனையோ நல்ல மூளைகள் மனப்பாடத்தில் வீணாயின.

பிரிவினையின் வேர் சர்வகலாசாலையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1857 செப்டம்பரில் சட்டத்தின் மூலம் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலை, அக்காலத்து லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு, பரீட்சை நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே தன் கடமை என்று அமைந்தது; போதிப்பது கல்லூரிகளின் பொறுப்பாயிற்று; ஆராய்வது எவருடைய பொறுப்பும் ஆகவில்லை. 1904-ஆம் ஆண்டின் சட்டம் சர்வகலாசாலைகள் தாமே போதிக்கவும் ஆராயவும் இடம் தந்தது. 1923-ஆம் ஆண்டின் சென்னைச் சர்வகலாசாலைச் சட்டம் அந்நோக்கத்தை மேலும் உறுதிப்படுத்தியது. அதன் பயனாக ஆராய்ச்சித் துறைகள் தோன்றின என்றாலும், அவை முதுநிலை மாணவருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் உரியனவாக நின்றன. இளநிலை மாணவன் இணைப்புக் கல்லூரியிலே இருந்தான். அவனுக்கும் சர்வகலாசாலைக்கும் இருந்த உறவு பெரும்பாலும் ஹால் டிக்கெட்டோடும் மதிப்பெண் பட்டியலோடும் முடிந்துவிட்டது. இன்றும் பெரும்பாலோருக்கு அப்படித்தான்.

இந்த அமைப்பின் இயல்பை ராமானுஜன் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவாக எதுவும் காட்டாது. கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து மற்றப் பாடங்களைக் கைவிட்ட அவர், பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எப்.ஏ. பரீட்சையில் தவறினார், மீண்டும் எழுதியும் தவறினார், பட்டமில்லாமல், 1912-ல் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவரைத் தவறியவர் என்று பதிவு செய்த அதே சர்வகலாசாலை, கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர் முதலியோர் எடுத்துச் சொன்னதன்மேல், பட்டம் வேண்டும் என்னும் நியதியைத் தளர்த்தி, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாம் கண்டவற்றை அறிக்கையாகத் தர வேண்டும் என்பதே நிபந்தனை. அந்த நாட்களில் அவர் திருவல்லிக்கேணியில் குடியிருந்துகொண்டு, சம்பளத்தைப் பற்றிய கவலையின்றிக் கணிதம் செய்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதம் அவர் கப்பலேறியது எல்லோரும் அறிந்த கதை. ஆனால் அதற்கு முந்தைய அந்தப் பத்து மாதமே நம் வினாவுக்கு முக்கியமானது. ஒரு பரீட்சை நிறுவனம் தன் விதியைத் தானே மீறி, ஒருவரை ஆராய்ச்சியில் நேரடியாக அமர்த்தத் துணிந்த முதல் சந்தர்ப்பம் அது.

பௌதிக விஞ்ஞானி சி.வி. ராமனுடைய மாணவப் பருவம் வேறு வகையானது. மாநிலக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1904-ல் பி.ஏ. பட்டமும் 1907-ல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். எம்.ஏ. வகுப்பில் இருக்கும்போதே, கல்லூரிச் சோதனைச்சாலையில் ஸ்பெக்ட்ராமீட்டர் என்னும் சாதாரணக் கருவியைக் கொண்டு ஒரு முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கப் புகுந்தவர், ஒளி சாய்வாகப் படும்போது தோன்றிய பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கண்டு, அளக்க வேண்டிய கோணத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டைகளின் பின்னே சென்றார்; அந்த ஆராய்ச்சி 1906 நவம்பரில் லண்டன் பிலாசபிகல் மேகசினில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பௌதிகப் பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்புக்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல் சோதனைச்சாலையில் தம் விருப்பப்படி உழைக்க விட்டார் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆசிரியர் செய்த உபகாரம், தடையாக நில்லாமை. அதுவும் பெரிய உபகாரமே.

அதே ஸ்பெக்ட்ராமீட்டர் இன்றும் சென்னையின் ஒவ்வொரு பௌதிகச் சோதனைச்சாலையிலும் இருட்டறையின் மேஜைமீது இருக்கிறது. சோடியம் விளக்கை ஏற்றி, கருவியைச் செப்பம் செய்து, கிரேட்டிங்கைப் பொருத்தி, வெர்னியர் அளவுகளைக் குறித்து, மஞ்சள் ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிட வேண்டும் என்பது பயிற்சி. அந்த அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்பதை மாணவன் கருவியைத் தொடுவதற்கு முன்பே அறிவான். அறிந்திருப்பதால், தன் கணக்கு 6100 என்று வந்தால், எங்கே பிழை நேர்ந்தது என்று கருவியிடம் கேட்பதற்குப் பதிலாக, 5893-க்கு அருகில் வரும்படி ரீடிங்குகளைப் பின்னோக்கித் திருத்தி எழுதுகிறான். ஊசலைக் கொண்டு புவியீர்ப்பைக் கண்டாலும் இதே கதைதான். விடை 980 என்று எல்லோருக்கும் தெரியும். ரசாயனச் சோதனைச்சாலையில், நீல நிறத்தைக் கண்டவுடன் இது செம்பின் உப்பு என்றும், மூக்கில் ஏறும் நெடியைக் கொண்டு இது அம்மோனியம் என்றும் முடிவுகட்டிவிட்டு, சால்ட் அனாலிசிஸின் படிகளை ஏட்டில் உள்ளபடி பின்னால் எழுதிச் சேர்க்கிறார்கள். முதலில் அப்சர்வேஷன் நோட்டு, பிறகு ரெக்கார்டு நோட்டு, அதில் கையெழுத்து, ஆண்டு முடிவில் வெளியிலிருந்து வரும் பரீட்சகர் முன் வைவா: இந்தச் சடங்கில் எல்லாம் ஒழுங்காக நடைபெறுகிறது, உண்மையை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மாணவர்மீது பழி சொல்வது நியாயமாகாது. சரியான விடைக்கு மதிப்பெண்ணும், உண்மையான ரீடிங்குக்குத் தண்டனையும் கொடுக்கும் முறை எங்கே இருக்கிறதோ, அங்கே யாரும் அப்படித்தான் நடப்பார்கள். ராமன் கண்ட சமமற்ற பட்டைகளை இன்று ஒரு மாணவன் கண்டால், கருவியைச் சரியாகச் செப்பம் செய்யவில்லை என்று அவனே அதை அழித்துவிடுவான். விஞ்ஞானக் கல்வியில் இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ராமனுக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து அதே கல்லூரியில் பயின்ற அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரின் வரலாறு, வெளியுலக ஆராய்ச்சியோடு நேரும் ஒரே ஒரு சந்திப்பு எவ்வளவு செய்யக்கூடும் என்பதற்குச் சாட்சி. மயிலாப்பூரில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் பதினெட்டு வயது இளைஞர், ஜெர்மானிய விஞ்ஞானி சோமர்பெல்டின் அணு அமைப்பைப் பற்றிய நூலைத் தாமே கற்றுத் தேர்ந்திருந்தார். 1928-ல் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது, அவரைத் தனியே சென்று கண்டு தம் படிப்பைப் பெருமையோடு சொல்ல, அந்நூலில் உள்ள பௌதிகம் பழையதாகிவிட்டது என்றும் புதிய குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றும் அவர் பதில் சொல்லி, உலோகங்களிலுள்ள எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராதிருந்த ஆய்வின் அச்சுப் பிரதியையும் இளைஞர் கையில் கொடுத்தார். மனம் உடைந்து போயிருக்க வேண்டிய அந்த வேளையில், சந்திரசேகர் சர்வகலாசாலை நூல்நிலையத்தில் கிடைத்தவற்றையெல்லாம் படித்து, சில மாதங்களில் ஒரு சொந்த ஆய்வை எழுதினார்; அது 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கைகளில் வெளியாயிற்று. மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனார்.

நூல்நிலையம் என்று சொன்னேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த சீ. இரா. ரங்கநாதன் 1924-ல் சர்வகலாசாலையின் நூலகராக நியமிக்கப்பட்டு, நூல்களைப் பூட்டிவைப்பதற்காக அல்ல, படிப்பதற்காகவே வைத்திருக்கிறோம் என்ற கொள்கையை நிலைநாட்டி, 1931-ல் நூலகத்தின் ஐந்து விதிகளையும் 1933-ல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். அலமாரிகளைத் திறந்து, மாணவன் தானே போய்த் தேடி எடுக்க இடம் தந்த ஒரு நூலகம், ஆராய்ச்சிக் கூடம் இல்லாத ஊரில் பாதி ஆராய்ச்சிக் கூடமாகிவிடுகிறது. இன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் அவ்வேலையை மாலை வேளைகளில் எவ்வளவு சிறப்பாகச் செய்கிறது என்பதை அங்கே இடம் பிடித்து அமர்ந்திருக்கும் இளைஞர் கூட்டத்தைக் கண்டவர்கள் அறிவார்கள்.

லயோலாக் கல்லூரியின் பாதிரியார் ரசீன் விட்டுச்சென்ற உதாரணம் இன்னும் அரியது. பாரிஸில் எலி கார்த்தானிடம் கணிதம் பயின்று டாக்டர் பட்டம் பெற்ற இந்தப் பிரெஞ்சு ஏசு சபைத் துறவி, 1930-களின் பிற்பகுதியில் இந்தியா வந்து, வாழ்நாளின் பெரும் பகுதியை லயோலாவில் கழித்தார். அவரே மகத்தான தேற்றங்களைக் கண்டவர் அல்லர். பாடத்திட்டத்தில் இருந்தது பழைய ஆங்கிலேயக் கணிதமாக இருக்க, உலகம் நவீனக் கணிதத்துக்குச் சென்றுவிட்டது என்பதை அறிந்திருந்த அவர், கெட்டிக்கார மாணவர்களுக்கு அந்தப் புதிய உலகத்தின் வாசலைக் காட்டி, அவர்களை 1945-ல் பம்பாயில் தோன்றிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். அவ்வாறு சென்றவர்களில் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் சி.பி. ராமானுஜமும் அடங்குவர், முதலிருவரும் சேர்ந்து 1965-ல் நிறுவிய தேற்றம் அவர்கள் இருவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் இல்லாவிட்டாலும், ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்று அறிந்த ஓர் ஆசிரியர் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐம்பதுகளும் அறுபதுகளின் தொடக்கமும் சென்னைக்கு ஒரு பொற்காலம் என்று தயங்காமல் சொல்லலாம். 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டு, துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார், தம் அழைப்பை ஏற்க இயலாத ராமனின் சிபாரிசின்பேரில், 1952-ல் முப்பது வயதும் நிரம்பாத ஜி.என். ராமச்சந்திரனைப் பௌதிகப் பேராசிரியராக நியமித்தார். கிண்டியில் அமைந்த அத்துறைக்கு அண்டையிலேயே 1948-ல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநாரின் கொலாஜனைப் பெற்று, எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, கோபிநாத் கார்த்தாவுடன் 1954-ல் அதன் மும்முறுக்கு அமைப்பை வெளியிட்டார் ராமச்சந்திரன். 1963-ல் அவரும் அவருடைய மாணவர்களான சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் வெளியிட்ட, புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடியக்கூடும் என்பதைக் காட்டும் வரைபடம், இன்று புரதங்களை ஆராயும் ஒவ்வொரு சோதனைச்சாலையிலும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு வீதியின் இக்கரையில் தோலும் அக்கரையில் பௌதிகமும் இருந்தமையால் வந்த விளைவு இது. அண்மை என்பது விஞ்ஞானத்தில் ஒரு சக்தி என்று நான் சொல்வதன் பொருளும் இதுவே.

அதே காலத்தில், சர்வகலாசாலைக்கு வெளியே, மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் ஏகாம்ர நிவாசம் என்னும் இல்லத்தில், அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் ஆராய்ச்சி மாணவர்களைக் கூட்டி தத்துவப் பௌதிகக் கருத்தரங்கு நடத்திவந்தார். வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாகச் சென்ற விஞ்ஞானிகள் பலர் அவ்வீட்டு மாடியில் பேசினார்கள். 1960-ல் வந்த நீல்ஸ் போர் இந்தச் சிறு கூட்டத்தின் ஆர்வத்தைப் பாராட்டிச் சொன்னது நேருவின் கவனத்தை ஈர்க்க, அன்றைய மாகாணக் கல்வி மந்திரி சி. சுப்பிரமணியத்தின் ஆதரவோடு, 1962 ஜனவரி 3-ஆம் தேதி மாட்சயன்ஸ் என்னும் கணித விஞ்ஞான நிலையம் மாநிலக் கல்லூரியிலே துவக்கப் பெற்றது. சந்திரசேகரும் அவ்விழாவுக்கு வந்திருந்தார். ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கியது தேசிய ஸ்தாபனமாக மலர்ந்தது. ஆனால் பின்னர் அது தரமணிக்குச் சென்றது. ராமச்சந்திரனும் எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையை விட்டுச் சென்றார். தரமணிக்குப் போனதில் தவறில்லை. ஆராய்ச்சிக்கு அமைதியான இடம் வேண்டும். எனினும், கல்லூரி மாணவன் போகிற போக்கில் எட்டிப்பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்த ஒன்று, அனுமதி பெற்றுச் செல்ல வேண்டிய ஒன்றாகிவிட்டது.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். ராணி மேரிக் கல்லூரியில் பயின்று மாநிலக் கல்லூரியில் 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து உலகப் புகழ் எய்தினார். 1939-ல் அதே மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்த அன்னா மணி, பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வைப் பல ஆண்டு ஆராய்ந்து, 1945-ல் தம் ஆய்வேட்டைச் சென்னைச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார்; எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணம் காட்டி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. 1913-ல் பட்டமே இல்லாத ஓர் இளைஞருக்காக விதியைத் தளர்த்திய சர்வகலாசாலை, முப்பத்திரண்டு ஆண்டுக்குப்பின், அச்சேறிய ஆய்வுகளோடு வந்த ஒரு பெண்மணிக்கு அதே விதியை இறுக்கிப் பிடித்தது. அன்னா மணி பட்டமின்றியே வானிலை ஆராய்ச்சித் துறையில் உயர் பதவி வகித்து, நாட்டின் வானிலைக் கருவிகளைச் சீர்திருத்தினார். அவருக்கு நஷ்டம் அதிகமில்லை, நஷ்டம் சர்வகலாசாலைக்கே.

இனி இன்றைய மாணவரின் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். ராயப்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்டு, மாலை ஷிப்டு என்று இரண்டு வகுப்பு வரிசைகள் உண்டு. முதலாவது பெரும்பாலும் அரசு உதவி பெறுவது, மற்றது சுயநிதியில் நடப்பது. காலை மாணவர் பிற்பகலில் கட்டடத்தை விட வேண்டும்; ஏனெனில் அதே பெஞ்சும் அதே சோதனைச்சாலையும் அடுத்தவருக்கு வேண்டும். ஒரு சோதனை பிழைத்துவிட்டால் மாலைவரை இருந்து மறுபடி செய்து பார்ப்பது என்பது, ராமனுக்குக் கிடைத்த சலுகை, இவர்களுக்கு இல்லை. அவர்களில் பலர் பிற்பகலில் கடைகளிலும் உணவு விநியோகத்திலும் உழைத்துக் கல்விக் கட்டணமும் வீட்டுச் செலவும் ஈட்டுகிறார்கள். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர் அநேகர். வெளியூர் மாணவர் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற அரசு விடுதிகளிலும், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளிலும் தங்கி, மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறார்கள். அரியர் வைத்தவர் செமஸ்டருக்குச் செமஸ்டர் அதைச் சுமக்கிறார். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டங்களை நான் மனமார வரவேற்கிறேன். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது உதவுகிறது. ஆனால் ஆராய்ச்சிக்கு வேண்டிய ஓய்வை அது வாங்கித் தராது.

பாஷையைப் பற்றிய பிரச்னையும் இங்கேதான் எழுகிறது. தமிழில் பள்ளிப்படிப்பை முடித்தவர் கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் வெப்ப இயக்கவியலைக் கேட்கும்போது, முதல் ஆண்டு முழுவதும் பொருளைவிட்டுச் சொற்களோடு போராடுகிறார். மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்ற பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராயிருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியமும், கோவையிலிருந்து 1948 முதல் வெளிவந்த கலைக்கதிரும், பெ.நா. அப்புசாமியின் கட்டுரைகளும், ராயப்பேட்டையை ஒட்டிய கோபாலபுரத்தில் அலுவலகம் கொண்டுள்ள தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழும், தமிழில் எந்த விஞ்ஞானத்தையும் தெளிவாகச் சொல்ல முடியும் என்பதை எப்போதோ நிரூபித்துவிட்டன. வகுப்பறையில் ஆசிரியர் தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொல்வதை ஒரு குறையாக மறைக்காமல், அதையே ஒரு முறையாக ஏற்றுச் செம்மைப்படுத்துவது நல்லது.

இவ்வளவுக்கும் பரிகாரமாக அண்மைக் காலத்தில் எழுந்தவை, விஞ்ஞானத்துக்கே உரிய தங்கிப் பயிலும் சர்வகலாசாலைகள். 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டிக் காட்டில் தோன்றிய ஐ.ஐ.டி., நதிகளின் பெயர் தாங்கிய விடுதிகளில் மாணவர்களைத் தங்கவைத்து, பேராசிரியர்களையும் அதே வளாகத்தில் குடியமர்த்தி, பயில்வோரும் ஆராய்வோரும் ஒரே மரநிழலில் நடக்கும் வாழ்க்கையைச் சென்னைக்குக் காட்டியது. ஆயினும் அதன் நோக்கம் பெரிதும் பொறியியலே. தூய விஞ்ஞானத்துக்கு 2006 முதல் ஐசர் எனப்படும் நிலையங்கள் நாட்டின் பல பகுதிகளில் எழுந்தன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் நூறாண்டு ஆராய்ச்சி மாணவரோடு மட்டும் வாழ்ந்தபின் 2011-ல் இளநிலை வகுப்பைத் தொடங்கியது.

ஐசருக்கும் பெங்களூரின் இளநிலை வகுப்புக்கும் முன்பே, நம் ஊரிலேயே, தியாகராய நகரில், ரசீனின் மாணவர் சேஷாத்ரி 1989-ல் தொடங்கிய கணித நிலையம் துணிச்சலான ஒரு காரியத்தைச் செய்தது. ஆராய்ச்சியாளர்கள் மட்டும் வாழ்ந்த அச்சிறு ஸ்தாபனம் 1998-ல் இளநிலைப் பட்ட வகுப்பைத் துவங்கி, தேற்றங்களைக் கண்டுகொண்டிருந்தவர்களே முதலாண்டு மாணவருக்குக் கால்குலஸ் நடத்தும்படி செய்தது. பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லாததால், போபாலிலுள்ள போஜ் திறந்தவெளிச் சர்வகலாசாலையின் மூலம் பட்டம் பெற வேண்டியிருந்தது. இன்று சென்னைக் கணிதவியல் நிலையம் என்று சிறுசேரியில் விளங்கும் அது 2006-ல் நிகர்நிலைச் சர்வகலாசாலையாயிற்று. லயோலாவில் ஒரு பாதிரியார் காட்டிய வழி, பம்பாய் போய், தியாகராய நகருக்குத் திரும்பி வந்தது என்று இதைக் கொள்ளலாம்.

இந்த ஸ்தாபனங்களே விடை என்று சிலர் வாதிக்கிறார்கள். நாடெங்கும் இவற்றைப் பெருக்கிவிட்டால் போதும் என்கிறார்கள். நான் இணங்கவில்லை. கடுமையான நுழைவுத் தேர்வுகள் மூலம் சிலரைப் பொறுக்கி, எல்லா வசதியும் கொடுத்து, ஆராய்ச்சியாளர் அருகே வைத்து வளர்ப்பது நல்லதே. ஆனால் பதினேழு வயதில் அந்தத் தேர்வை வெல்லும் பயிற்சிக்குப் பணமும் நேரமும் உள்ள குடும்பங்கள் எவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வயதில் ராமானுஜன் எந்தத் தேர்வையும் வென்றிருக்க மாட்டார். இளநிலை விஞ்ஞானம் பயிலும் தமிழ் மாணவரில் மிகப் பெரும்பாலோர் இணைப்புக் கல்லூரிகளிலும் அரசுக் கலைக் கல்லூரிகளிலுமே இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு விஞ்ஞானக் கல்வியைப் பற்றிப் பேசுவது, ஊரை விட்டுவிட்டுக் கோயிலைப் பற்றி மட்டும் பேசுவது போலாகும். எழுபதுகளின் இறுதியில் லயோலா போன்ற கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தபோது, பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் தாமே அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் வந்தது. அச்சுதந்திரத்தை வினாத்தாள் மாற்றுவதற்கு உபயோகித்த அளவுக்குச் சோதனைச்சாலையின் ஆத்மாவை மாற்றுவதற்கு உபயோகிக்கவில்லை என்பது என் வருத்தம்.

செய்யக்கூடியவை பெரிய பொருட்செலவை வேண்டுவன அல்ல. விடை முன்பே தெரிந்த சோதனைகளோடு, விடை தெரியாத ஒன்றையேனும் ஒவ்வொரு செமஸ்டரிலும் வைக்கலாம்: பக்கிங்காம் கால்வாய் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் எவ்வளவு என்றோ, ராயப்பேட்டை நெடுஞ்சாலையின் இரைச்சல் மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்றோ அளக்கச் சொன்னால், ரீடிங்கைத் திருத்த வழியில்லை, திருத்துவதற்கு ஏற்ற ஓர் எண் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அலைநீளம் 6100 என்று வந்து, அது ஏன் அப்படி வந்தது என்று இரண்டு பக்கம் ஆராய்ந்து எழுதிய மாணவனுக்கு, 5893 என்று எழுதியவனைவிட அதிக மதிப்பெண் தரலாம். ஷிப்டு முடிந்தபின் ஒரு சோதனைச்சாலையாவது இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும்படி, ஓர் உதவியாளருக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்து ஏற்பாடு செய்யலாம். ஆசிரியருக்கு நேரமில்லை என்பது உண்மையான ஆட்சேபம். வாரத்தில் அவர் நடத்தும் வகுப்புகள் மிகுதி, தற்காலிக ஊதியத்தில் உழைக்கும் விரிவுரையாளர் பலர். அவர்களுடைய பணிநிலையைச் சீர்படுத்தாமல் இவற்றில் எதையும் அவர்கள் தலையில் ஏற்றுவது தகாது.

ஆகவே என் விண்ணப்பம் கல்லூரி ஆசிரியருக்கு அல்ல, தரமணியிலும் கிண்டியிலும் சிறுசேரியிலும் ஆராய்ந்துகொண்டிருக்கும் பேராசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்குமே. உங்களில் ஒவ்வொருவரும் பக்கத்துக் கல்லூரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாதத்துக்கு ஒரு பிற்பகலேனும், பாடத்தை அல்ல, நீங்கள் இப்போது விடை காணாமல் திகைத்துக்கொண்டிருக்கும் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி விளக்குங்கள். விருப்பமுள்ள மாணவர் மூவரையோ நால்வரையோ கோடை விடுமுறையில் உங்கள் ஆய்வகத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மதிப்பெண்களைக் கேட்காதீர்கள். ராயப்பேட்டையிலிருந்து தரமணிக்குப் பத்து மைலுக்கும் குறைவு.